ஃபயர்வால் வழியாகப் பவர் கேபிள்: கடலோர வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே ரோட்டோரம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் மீன் வண்டிகளும் வேலைக்கு வந்து நிற்கும். ஐஸ் பெட்டிக்கு, இன்வெர்ட்டருக்கு, மைக்செட் ஆம்ப்ளிஃபயருக்கு என்று பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் ஒன்றை வண்டிக்குள் கொண்டுபோக வேண்டும் என்பார்கள். கூடவே சில பேர், "வழியை மட்டும் சொல்லுங்கண்ணே, நாங்களே இழுத்துக்கிறோம்" என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வதையெல்லாம் இங்கே எழுதியிருக்கிறேன். உப்புக்காற்று இல்லாத ஊர்க்காரர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஃபயர்வால் என்பது எது?

பானெட்டுக்குள் எஞ்சினுக்குப் பின்னால் நிற்கும் தகட்டுச் சுவர். அதற்கு இந்தப் பக்கம் டேஷ்போர்டும் உங்கள் கால்களும். எஞ்சின் பக்கம் தீப்பிடித்தால் நீங்கள் இறங்கி ஓட நேரம் வாங்கித் தருவது இந்தத் தகடுதான். புகை, சூடு, மழைத்தண்ணீர், இரைச்சல் எல்லாவற்றையும் அந்தப் பக்கமே நிறுத்துவதும் அதுவே. அதில் ஓட்டை போட்டால் போட்ட ஓட்டையை அடைக்கும் பொறுப்பும் நம்முடையது.

தடித்த கேபிள் உள்ளே வரத்தான் வேண்டுமா?

இதை முதலில் கேட்பவர்கள் குறைவு. வருகிற வண்டிகளில் பலவற்றுக்கு அது தேவைப்படுவதே இல்லை. செல்போன் சார்ஜர், டேஷ் கேமரா, சின்னக் காற்றாடி போன்றவற்றுக்கு வண்டிக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியிலிருந்தே எடுக்கலாம். சிகரெட் லைட்டர் சாக்கெட் பொதுவாக 10 அல்லது 15 ஆம்ப் தாங்கும். அதாவது 120 முதல் 180 வாட்ஸ்.

ஹாரன், ஃபாக் லைட் என்றால் ரிலேயை (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) எஞ்சின் பக்கமே வைத்துவிடலாம். உள்ளே வருவது சுவிட்சுக்கான மெல்லிய ஒயர் மட்டும். இன்வெர்ட்டர், ஆம்ப்ளிஃபயர், பெரிய 12 வோல்ட் ஐஸ் பெட்டி இவற்றுக்குத்தான் தனிக் கேபிள் வேண்டும்.

எவ்வளவு தடிமனான கேபிள்?

முதலில் ஆம்ப் கணக்கு. வாட்ஸை 12ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 500 வாட்ஸ் இன்வெர்ட்டருக்கு 42 ஆம்ப் வரும். இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும், அதையும் சேர்த்தால் 50 ஆம்ப் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் 500 வாட்ஸ் மிக்ஸி இரண்டேகால் ஆம்ப்தான் இழுக்கிறது. அந்தப் பழக்கத்தில் வண்டிக்கும் மெல்லிய ஒயர் போதும் என்று தோன்றும். 230 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் அது.

பேட்டரியிலிருந்து வண்டியின் பின்பக்கம் வரை ஐந்து மீட்டர் என்று கொள்ளுங்கள். 6 ஸ்கொயர் (6 சதுர மி.மீ.) செம்புக் கேபிளில் 50 ஆம்ப் போனால் வழியிலேயே 0.7 வோல்ட் தொலைந்துவிடும். தொலைந்தது சூடாக மாறும். 16 ஸ்கொயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்டுக்குச் சற்று மேல். நான் போடும் கணக்கு இது: 6 ஸ்கொயருக்கு 30 ஆம்ப் ஃபியூஸ், 10 ஸ்கொயருக்கு 50, 16 ஸ்கொயருக்கு 80, 25 ஸ்கொயருக்கு 100. இதைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருப்பார்கள். மே மாத வெயிலில் பானெட்டுக்குள் கை வைத்துப் பார்த்தவர்கள் என் கணக்குக்கே வருவார்கள்.

வீட்டு ஒயரிங் கேபிள் மீதம் கிடக்கிறது. அதைப் போடலாமா?

வேண்டாம். சாதாரண வீட்டு ஒயரின் பி.வி.சி. உறை 70 டிகிரி செல்சியஸுக்கு என்று செய்தது. எஞ்சின் அருகே அது இளகும், அப்புறம் விறைத்து வெடிக்கும். உள்ளிருக்கும் இழைகளும் எண்ணிக்கையில் குறைவு, தடிப்பு அதிகம். வண்டியின் ஓயாத அதிர்வில் ஒவ்வொன்றாக முறியும். 105 டிகிரி தாங்கும் ஆட்டோ கேபிள் என்றே கேட்டு வாங்குங்கள்.

கடையில் தரும் கேபிள் சுத்தச் செம்புதானா என்று எப்படிப் பார்ப்பது?

கீழக்கரையிலிருந்து வந்த ஒரு காக்கா (அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள்) கேபிள் ரோலோடு வந்து இதைக் கேட்டார். பார்ப்பதற்குத் தகதகவென்று செம்பு நிறம். ஓர் இழையைப் பிரித்து பிளேடால் மெல்லச் சுரண்டினேன். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு. இந்த ஒயர் அதே தடிமன் செம்பைப் போலக் கரண்ட் கடத்தாது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். நம் ஊர் உப்புக்காற்றில் வெட்டிய முனையில் வெள்ளைப் பொடி பூத்து, லக்குக்குள்ளேயே (கேபிள் முனையில் அடிக்கும் உலோகக் காதுக்குள்) உதிர்ந்துபோகும்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இருக்கிறது. வெளியே வெள்ளி நிறம், சுரண்டினால் உள்ளே செம்பு. அது வெள்ளீயம் பூசிய செம்பு. படகுகளுக்கென்று விற்பது. விலை கூடுதல்தான், ஆனால் கடற்கரை வண்டிக்கு அதைவிட நல்லது இல்லை. சாதாரணச் செம்புக் கேபிளின் உறைக்குள் களிம்பு ஊறி, வெட்டிப் பார்த்தால் ஒரு சாண் தூரத்துக்கு இழைகள் கறுத்திருப்பதைத் தங்கச்சிமடம், பாம்பன் வண்டிகளில் அடிக்கடி பார்க்கிறேன். வெள்ளீயம் பூசியதில் அது வெகு குறைவு. எதை வாங்கினாலும் லக் அடித்த இடத்தில் பசை தடவிய ஹீட் ஷ்ரிங் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுங்கள். சுருங்கும்போது உள்ளிருந்து பசை விளிம்பில் கசிய வேண்டும். கசிந்தால்தான் காற்று புகாமல் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

ஃபியூஸ் எந்த இடத்தில்? இன்வெர்ட்டரிலேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறதே?

இன்வெர்ட்டரில் இருப்பது இன்வெர்ட்டருக்கு. நாம் போடும் ஃபியூஸ் கேபிளுக்கு. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரை உள்ள துண்டுக்கு எந்தக் காவலும் கிடையாது என்பதால் அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. கேபிள் ஓட்டத்தில் 45 செ.மீ.க்குள் என்பது வழக்கமான விதி. நான் ஒரு சாணுக்குள் வைக்கப் பார்க்கிறேன். ஃபயர்வாலைத் தாண்டி உள்ளே ஃபியூஸ் வைப்பது வைக்காததற்குச் சமம். உரசி அறுபடும் இடம் அந்தத் தகட்டு ஓட்டைதான், அதற்கு முன்னால் ஃபியூஸ் இருந்தால்தான் காப்பாற்றும்.

நான் தொழில் பழகிய காலத்தில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். முளைப்பாரிக்கு மைக்செட் ஏற்றிப்போகும் வேன் ஒன்று. வேறெங்கோ ஒயர் போட்டிருந்தார்கள். பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடுவில் போகும்போது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. அந்தப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஒதுங்க இடமில்லை, இரண்டு பக்கமும் கடல். டிரைவர் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ஸ்பானர் தேடி பேட்டரி முனையைக் கழற்றுவதற்குள் கால்மிதி எரிந்து, ஃப்ளோர் விரிப்பு கருகிவிட்டது. யாருக்கும் காயமில்லை.

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அந்தக் கேபிளை நான்தான் வெளியே உருவினேன். ஐந்து மீட்டரில் சேதம் தொடங்கிய இடம் விரல் நக அகலம்தான். அங்கே உறை தேய்ந்து, செம்பு உருகி மிளகளவு உருண்டையாக நின்றது. ஓட்டை விளிம்பில் மாட்டும் ரப்பர் வளையமான கிராமெட் இல்லை. ஓட்டையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் தகடாக விட்டதில் துரு ஏறி, செதில் செதிலாக, ரம்பப் பல் மாதிரி ஆகியிருந்தது. போட்டபோது வழவழப்பாகத்தான் இருந்திருக்கும். எட்டு மாத உப்புக்காற்று அதை அப்படி ஆக்கியிருக்கிறது. கார் பேட்டரி நேராக பாடியில் ஷார்ட் ஆனால் பல நூறு ஆம்ப் பாயும். பேட்டரி அருகே 80 ஆம்ப் ஃபியூஸ் ஒன்று இருந்திருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அது போயிருக்கும், வேறெதுவும் நடந்திருக்காது. ஃபியூஸ் போடாமல் கேபிள் இழுத்துத் தரச் சொன்னால் இன்றுவரை நான் செய்வதில்லை.

கேபிள் எல்லாம் இழுத்து, இரண்டு முனையும் முறுக்கி, எல்லாம் சரிபார்த்த பிறகு கடைசியாக ஃபியூஸைச் செருகுங்கள்.

பேட்டரியில் முதலில் எந்த முனையைக் கழற்ற வேண்டும்?

நெகட்டிவ். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால், நெகட்டிவ் ஏற்கெனவே கழன்றிருப்பதால் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. ஏர்பேக் உள்ள வண்டி என்றால் கழற்றியபின் பத்து நிமிடம் பொறுத்து டேஷ்போர்டு பக்கம் போங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர், மஞ்சள் ஸ்லீவ் போட்ட ஒயர்கள் தெரிந்தால் பெரும்பாலும் ஏர்பேக் லைன்தான். அதைத் தொடவும் வேண்டாம், அதோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம்.

புது ஓட்டை போடாமல் வழி கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்கும். அரை மணி நேரம் டார்ச் அடித்துத் தேடுவது, ஓட்டை போட்டபின் வருஷக்கணக்கில் துருவோடு போராடுவதைவிட மேல். வண்டியின் மெயின் ஒயர்க்கட்டு நுழையும் பெரிய ரப்பரைப் பாருங்கள். சிலவற்றில் பக்கத்திலேயே மூடிய காம்பு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியை வெட்டினால் வழி. ஆனால் அது மெல்லிய ஒயருக்குத்தான் போதும். தடித்த கேபிளை அதில் திணித்தால் ரப்பர் கிழிந்து, மெயின் ஒயர்க்கட்டே தகட்டில் உரசத் தொடங்கும்.

அடுத்து இடது பக்கம் பாருங்கள். வெளிநாட்டுக்கும் போகும் மாடல்களில் இடது கை ஸ்டியரிங்குக்கான ஓட்டைகள் நம் வண்டியில் ரப்பர் மூடியோ தகட்டு மூடியோ போட்டு அடைத்திருக்கும். எனக்குப் பிடித்த வழி அதுதான். பிரேக், கிளட்ச், ஸ்டியரிங் எல்லாம் வலது பக்கம் இருப்பதால் இடையூறு இல்லை. அந்த மூடியின் நடுவில் துளையிட்டு கேபிளை விடலாம். தகட்டு மூடி என்றால் அதற்கும் கிராமெட் வேண்டும்.

ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால்?

அவசரமில்லாத ஒரு நாளில் செய்யுங்கள். முதலில் இரண்டு பக்கமும் பாருங்கள், உள்ளே கார்பெட்டையும் பஞ்சு விரிப்பையும் விலக்கிப் பாருங்கள். எஞ்சின் பக்கம் வெறும் தகடாகத் தெரியும் இடத்துக்கு நேர் பின்னால் ஏசி பெட்டியோ ஒயர்க்கட்டோ இருக்கலாம். வலது பக்கம் ஃபயர்வாலோடு ஒட்டி நிற்கும் கறுப்பு உருண்டை பிரேக் பூஸ்டர். அதன் சுற்றுவட்டாரமே வேண்டாம். பிரேக் பைப், டீசல் பைப், ஏசி பைப், வைப்பர் கை அசையும் பாதை, இவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும்.

ஓட்டையின் அளவைத் தீர்மானிப்பது கிராமெட்டின் காடி (தகடு உட்காரும் பள்ளம்), கேபிளின் தடிமன் அல்ல. கிராமெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, காடியின் உள்வட்டத்தை அளந்து, அந்த அளவுக்கே போடுங்கள். முதலில் 3 மி.மீ. பிட். அப்புறம் ஸ்டெப் பிட்டால் படிப்படியாக அகட்டலாம். பிட்டின் மேல் டேப் சுற்றி, ஒரு செ.மீ.க்கு மேல் உள்ளே பாயாதபடி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிட்டின் நுனியில் ஒரு பொட்டு கிரீஸ் வையுங்கள். இரும்புச் சீவல் சிதறாமல் அதில் ஒட்டிக்கொள்ளும். தப்பிய துகளை பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தால் ஒற்றி எடுங்கள். ஒன்றை விட்டாலும் இங்கே ஒரு வாரத்தில் அது துருப்புள்ளியாகிவிடும், சுற்றியுள்ள பெயின்டையும் தின்னும்.

அப்புறம் பிசிறு. வட்ட அரத்தால் இரண்டு பக்கமும் தேய்த்து, சுண்டுவிரலை விளிம்பில் முழுச்சுற்று ஓட்டிப் பாருங்கள். எங்கும் சுரண்டக் கூடாது. தின்னர் தொட்ட துணியால் துடைத்து, துருத் தடுப்பு பிரைமர் ஒரு கை, அதன்மேல் டச்-அப் பெயின்ட் இரண்டு கை. நன்றாகக் காய விடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றிலேயே ஈரம் இருக்கும். காலையில் பூசினால் மாலைவரை பொறுத்திருங்கள். இந்தப் பெயின்ட் வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பார்வைக்குத் தெரியாத இடம்தானே என்கிறார்கள். பாம்பன் வேனில் இருந்ததும் பார்வைக்குத் தெரியாத இடம்தான்.

கிராமெட்டுக்குப் பதில் சிலிக்கானை அப்பிவிட்டால் போதாதா?

போதாது. சிலிக்கான் தண்ணீரை நிறுத்தும், கூரான தகட்டை நிறுத்தாது. கிராமெட் முதலில், அதன்மேல் சிலிக்கான் என்றால் சரி. வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில சிலிக்கான் காயும்போது வினிகர் நெடி அடிக்கும். அதில் வெளிவருவது அசிட்டிக் அமிலம், செம்பையும் இரும்பையும் அரிக்கும். நெடி இல்லாத நியூட்ரல் வகை என்று கேளுங்கள்.

கேபிள் கிராமெட்டில் இறுக்கமாக நுழையாவிட்டால் கிரீஸோ எஞ்சின் ஆயிலோ தடவாதீர்கள், ரப்பர் ஊதிக் குழையும். சோப்புத் தண்ணீர் போதும். அதையும் எங்கள் பக்கத்து போர் தண்ணீரில் கரைக்காமல் குடிக்கிற கேன் தண்ணீரில் கரையுங்கள். உப்பைத் துரத்த இவ்வளவு பாடுபட்டுவிட்டு நாமே உப்பை ஊற்றக் கூடாது.

எஞ்சின் பக்கம் கேபிளை எப்படிக் கொண்டுபோவது?

நெளி பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு, ஒவ்வொரு சாணுக்கும் ஒரு டேக் (பிளாஸ்டிக் கட்டு) போட்டு, வண்டியின் பழைய ஒயர்க்கட்டு போகும் பாதையிலேயே போங்கள். புகைக்குழாய், ஃபேன், பெல்ட் இவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும். ஓடும் வண்டியில் எஞ்சின் தன் ரப்பரின் மேல் அசையும், பாடி அசையாது. ஆகவே எஞ்சினில் கட்டாதீர்கள், பாடியில் கட்டுங்கள்.

ஓட்டைக்குள் நுழைவதற்கு முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு, மறுபடி மேலே ஏற்றி உள்ளே விடுங்கள். கேபிளில் வழிந்துவரும் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். மேலிருந்து நேராக இறங்கினால் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே கால்மிதிக்கு வந்துவிடும்.

உள்ளே எந்தப் பக்கம்?

பெடல்களை முழுதும் மிதித்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதும் திருப்பி, எதிலும் கேபிள் தொடவில்லை என்று பாருங்கள். கதவோரப் படிக்கட்டு பிளாஸ்டிக்குக்கு அடியில் பின்னால் கொண்டுபோகலாம். இருக்கை முன்னும் பின்னும் நகரும் தண்டவாளத்துக்கு அடியில் வேண்டாம். மீன் ஏற்றும் வண்டி என்றால் தரையில் கேபிளைப் படுக்க வைக்கவே கூடாது. ஐஸ் உருகி வடிவது மீன் உப்போடு கலந்த தண்ணீர்.

எர்த்துக்கும் அதே தடிமன் வேண்டுமா?

ஆமாம். போன கரண்ட் அத்தனையும் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டுமே, எர்த் ஒயர் அதற்குத்தான். இன்வெர்ட்டர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, 45 செ.மீ.க்குள், பாடியில் கெட்டியான தகட்டைத் தேர்ந்தெடுத்து, பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்குங்கள். முறுக்கியபின் மேலே வாசலின் தடவுங்கள் அல்லது பெயின்ட் பூசுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்காதீர்கள். சிக்னலில் எஞ்சின் தானாக நின்று எழும் வகை வண்டிகளில் நெகட்டிவ் முனையிலேயே ஒரு சென்சார் பெட்டி இருக்கும். அங்கே பேட்டரி முனையில் நேராக எர்த் கொடுத்தால் அந்தச் சென்சாருக்கு நம் கணக்கு தெரியாமல் போகும். பாடியில்தான் கொடுக்க வேண்டும்.

ஆம்னிக்கும் குட்டி யானைக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அவற்றில் எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. முன்பக்கச் சுவரைத் துளைக்க வேண்டி வராமல் போகலாம், ஆனால் கேபிள் ஏதோ ஒரு தகட்டைத் தாண்டத்தான் வேண்டும். ஃபியூஸ், கிராமெட், பெயின்ட் மூன்றும் அதே. அடித்தகட்டில் ஓட்டை என்றால் இன்னும் கவனம் வேண்டும். தனுஷ்கோடி ரோட்டில் காற்று மணலை வாரிப் போடும், சக்கரம் அதை உப்போடு சேர்த்து அடியில் அடிக்கும்.

எலக்ட்ரிக் கார்?

ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள். அதில் ஓடுவது பல நூறு வோல்ட். இந்த வண்டிகளில் ஓட்டை போடும் வேலையை நீங்களாகச் செய்யவே வேண்டாம், கம்பெனி சர்வீஸில் கேளுங்கள்.

முடித்த பிறகு எப்போது திறந்து பார்க்க வேண்டும்?

அன்றைக்கே ஒரு முறை. முழு லோடு கொடுத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஃபியூஸ் பெட்டி, லக், எர்த் போல்ட் மூன்றையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் அந்த இணைப்பு சரியில்லை, கழற்றித் திரும்ப அடியுங்கள். ஒரு மாதம் கழித்து போல்ட்டுகளை இன்னொரு முறை முறுக்குங்கள்.

அப்புறம் வருஷத்துக்கு இரண்டு தடவை. தடைக்காலத்தில் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன் ஒன்று. கிராமெட்டைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கோடு வழிந்திருக்கிறதா, லக்கில் பச்சை பூத்திருக்கிறதா, ஃபியூஸ் பெட்டிக்குள் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்புக் கோடு தெரிந்தால் கேபிளை வெளியே எடுத்து, விளிம்பைத் தேய்த்து, மறுபடி பெயின்ட் பூசி, புதுக் கிராமெட் போடுங்கள். பழையதைத் திருப்பிப் போடாதீர்கள், அதன் காடியில் துருத்தூள் ஏறியிருக்கும்.